சித்தா (2023): நட்பும் சந்தேகமும் சொல்லாத காயமும்

சித்தா 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று திரைக்கு வந்த தமிழ்த் திரைப்படம். எழுதி இயக்கியவர் எஸ். யு. அருண்குமார். சித்தார்த் முதன்மைப் பாத்திரத்தில் நடித்ததோடு, தம்முடைய எடாகி என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் மூலம் படத்தைத் தயாரித்தார். பெயரைப் பார்த்துச் சித்த மருத்துவத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சித்தப்பாவைக் குழந்தை கூப்பிடும் செல்லச் சொல்தான் சித்தா.

ஒரே ஊரில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, ஒரு பெண் பல ஆண்டுகளாக மனத்துக்குள் புதைத்து வைத்த உண்மை ஆகிய மூன்றும் இப்படத்தில் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னல் எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே இழை தளர்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சித்தாவின் கடைசிக் காட்சிகள் இங்கே சொல்லப்படவில்லை. ஆனால் கார்கி, மகாராஜா, மிஸ்டிக் ரிவர் ஆகிய படங்களின் முடிவுகள் ஒப்பீட்டுக்காகச் சொல்லப்படுகின்றன. அவற்றை இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் பார்த்த பிறகு படிக்கலாம்.

படக்குழு

அருண்குமார் இதற்கு முன் பண்ணையாரும் பத்மினியும் (2014), சேதுபதி (2016), சிந்துபாத் (2019) ஆகிய படங்களை இயக்கியவர். சித்தாவில் ஈஸ்வரனாகச் சித்தார்த்தும், சக்தியாக நிமிஷா சஜயனும், அண்ணியாக அஞ்சலி நாயரும் நடித்துள்ளனர். சிறுமி சுந்தரியாக சஹஸ்ரா ஸ்ரீ, அவளுடைய தோழி பொன்னியாக ஆபியா தஸ்னீம். பாடல்களுக்கு முதன்மையாக இசையமைத்தவர் திபு நினன் தாமஸ். பின்னணி இசை விஷால் சந்திரசேகர். ஒளிப்பதிவு பாலாஜி சுப்பிரமணியம். தெலுங்கில் ‘சின்னா’ என்றும் கன்னடத்தில் ‘சிக்கு’ என்றும் வெளியானது. 69-ஆவது தென்னிந்திய ஃபிலிம்பேர் விருதுகளில் தமிழில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை உள்ளிட்ட விருதுகளைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

ஈஸ்வரன் பழனி நகராட்சியில் வேலை பார்ப்பவன். அண்ணன் இறந்துவிட்டார். அண்ணியையும் அண்ணன் மகள் சுந்தரியையும் அவன்தான் தாங்கி நிற்கிறான். ‘சேட்டை’ என்பது சுந்தரிக்கு அவன் வைத்த பட்டப்பெயர். பள்ளிக் காலத்தில் அவன் விரும்பிய சக்தி, அதே நகராட்சிக்குத் தூய்மைப் பணியாளராக வந்து சேர்கிறாள். பள்ளி நாள் தொட்டு வந்த நண்பர்களில் ஒருவன் வடிவேலு. வடிவேலுவின் வீட்டுக் குழந்தை பொன்னியும் சுந்தரியும் ஒன்றாகப் படிப்பவர்கள்.

பொன்னி பாலியல் வன்முறைக்கு உள்ளாகிறாள். அவளால் பேச முடியவில்லை. அன்று அவளோடு இருந்தவன் ஈஸ்வரன் என்று ஒரு காணொளி காட்டுகிறது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நண்பன் மீதே வடிவேலு கை வைக்கிறான். ஈஸ்வரன் குற்றமற்றவன் என்று தெளிந்து ஊர் மூச்சு விடுவதற்குள் சுந்தரி காணாமல் போகிறாள். அதன் பிறகு படம் ஒரு தேடலாக மாறுகிறது.

உறவுச்சொல்லே தலைப்பு

படத்துக்கு வைத்த பெயரிலேயே அதன் கேள்வி இருக்கிறது. தமிழ்க் குழந்தைகள் வளர்ந்த ஆண் எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெருவில் பால் ஊற்றுபவர் அண்ணன், பள்ளி ஆட்டோ ஓட்டுபவர் மாமா, காவலுக்கு இருப்பவர் தாத்தா, மாடி வீட்டுக்காரர் அங்கிள். முன்பின் தெரியாதவருக்கும் ஓர் உறவைக் கொடுத்துவிடுகிற நல்ல வழக்கம் இது. ஆனால் அந்த உறவுச்சொல்லைப் பெற்றவரைக் குழந்தை சந்தேகிக்கக் கூடாது என்றும் நாம் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். “மாமா கூப்பிடறாரு, போ” என்று தள்ளிவிடாத வீடு குறைவு.

சித்தாவின் முதற்பாதி இந்த இடத்தைத் தொடுகிறது. ஈஸ்வரனுக்கும் சுந்தரிக்கும் உள்ள பாசத்தைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. பள்ளியில் கொண்டுபோய் விடுவது, திட்டுவது, விளையாடுவது எல்லாம் இயல்பாக நடக்கின்றன. பார்வையாளர் அவனை முழுதாக நம்பிய பிறகு, அதே பாசத்தைச் சந்தேகக் கண்ணாடி வழியாகத் திரும்பப் பார்க்க வைக்கிறார் இயக்குநர். ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நடந்தது, வண்டியில் ஏற்றிக்கொண்டது என எல்லாவற்றுக்கும் இரண்டாவது அர்த்தம் வந்துவிடுகிறது. சித்தா என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திக்கென்கிறது.

அவன் குற்றமற்றவன் என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஆனால் வடிவேலுவுக்குத் தெரியாது. தன் வீட்டுக் குழந்தையின் உடம்பில் காயத்தைப் பார்த்தவன் நிதானமாக விசாரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அந்தக் காட்சிகள் வலிக்கின்றன. சந்தேகப்பட்டவனைக் கெட்டவனாக்கிக் கதையை எளிதாக்கிக்கொள்ளாதது அருண்குமாரின் நேர்மை.

மிஸ்டிக் ரிவரோடு ஒப்பீடு

நண்பர்கள், பால்ய காலக் கொடுமை, சந்தேகம் என்ற இதே முக்கோணத்தில் அமைந்த உலகப் படங்களில் முதலில் நினைவுக்கு வருவது கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய மிஸ்டிக் ரிவர் (2003). டென்னிஸ் லெஹேன் 2001-இல் எழுதிய நாவலைத் தழுவியது. பாஸ்டன் நகரத்தின் உழைக்கும் மக்கள் பகுதியில் ஜிம்மி, ஷான், டேவ் என்ற மூன்று சிறுவர்கள் தெருவில் விளையாடுகிறார்கள். ஈரமான சிமென்டில் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். போலீஸ்காரர் போல் வந்த ஒருவன் டேவை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். நான்கு நாள் அடைத்து வைக்கப்பட்டுக் கொடுமைக்கு ஆளாகித் தப்பி வருகிறான் சிறுவன். சிமென்டில் அவன் பெயர் பாதியிலேயே நின்றுபோகிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஜிம்மியின் மகள் கொல்லப்படுகிறாள். அதே இரவு டேவ் இரத்தக் கறையோடு வீடு திரும்பியிருக்கிறான். அவன் மனைவிக்கே கணவன்மேல் ஐயம். அவனிடம் கேட்டுத் தெளிய முடியாமல், அந்த ஐயத்தை ஜிம்மியிடம் சொல்லிவிடுகிறாள். ஜிம்மி டேவைக் கொன்றுவிடுகிறான். கொன்ற பிறகுதான் டேவ் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்ற உண்மை வருகிறது. ஜிம்மியாக நடித்த ஷான் பென்னும், டேவாக நடித்த டிம் ராபின்சும் ஆஸ்கார் பெற்றார்கள்.

இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. மிஸ்டிக் ரிவரில் சந்தேகம் விழுவது சிறு வயதில் பாதிக்கப்பட்டவன் மீதே. சிறுவனாக இருந்தபோது அவனுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அவனோடு அதைப் பேசியதில்லை. பேசாமல் விட்ட அந்த மௌனமே அவனைச் சந்தேகத்துக்குரியவனாக மாற்றி, கடைசியில் உயிரையும் வாங்குகிறது. ஒரு தெருவே சேர்ந்து ஒரு சிறுவனைக் கைவிட்ட கதை அது.

சித்தாவில் சந்தேகம் விழுவது குழந்தையை நேசிப்பவன் மீது. உண்மை விரைவில் தெரிந்துவிடுவதால் நட்பு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அது பிழைத்த வேகம்தான் உறுத்துகிறது. இப்படி ஒரு பழி சுமந்தவனுக்கும் அந்தப் பழியைச் சுமத்தியவனுக்கும் நடுவே அதன் பிறகு என்ன மிஞ்சும்? இனி அவன் வீட்டுப் படியை இவன் பழையபடி மிதிக்க முடியுமா? அடுத்த அதிர்ச்சி உடனே வந்துவிடுவதால் இந்தக் கேள்விக்குப் படம் நேரம் ஒதுக்கவில்லை. சுந்தரி காணாமல் போன பதற்றத்தில் எல்லோரும் ஒன்றாகத் தேடுகிறார்கள், பழையது கரைந்துவிடுகிறது. வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாகக் கரையாது என்பது ஊரில் நாலு பேரோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

சக்தி கேட்கும் கேள்வி

படத்தின் உயிர் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் சக்தியைத்தான் சொல்லவேண்டும். சிறு வயதில் நெருங்கிய உறவினர் ஒருவரால் தானும் சிதைக்கப்பட்டவள் அவள். அதை யாரிடமும் சொல்லாமல் வளர்ந்து, படித்து, வேலைக்கு வந்து, சண்டை போட்டு, சிரித்து வாழ்கிறாள். நிமிஷா சஜயன் இந்தப் பாத்திரத்தை ஒரு துளிகூட அழுகைப் பொம்மையாக்கவில்லை. அவளுடைய கோபம், தொட்டால் விலகும் உடல், கறாரான பேச்சு ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்திருக்கிறது என்பது அவள் சொன்ன பிறகுதான் நமக்கு உறைக்கிறது.

ஈஸ்வரன் பழிவாங்கத் துடிக்கும்போது அவள் அவனை நிறுத்திக் கேட்பது இதுதான்: உன் ஆத்திரம் பெரியதா, அந்தக் குழந்தைக்கு இப்போது வேண்டியது பெரியதா? இந்தக் கேள்வி தமிழ் சினிமாவின் பழைய வழக்கம் ஒன்றைத் தடுத்து நிறுத்துகிறது. நம் படங்களில் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நடந்தால், அந்த நிமிடத்திலிருந்து கதை ஆணுடைய கதையாகிவிடும். அவன் அரிவாளை எடுப்பான், பின்னணி இசை உயரும், அரங்கம் கைதட்டும். பாதிக்கப்பட்டவள் ஒரு மூலையில் படுத்திருப்பாள், அல்லது புகைப்படமாகச் சுவரில் தொங்குவாள். அவள் அடுத்த வாரம் எப்படித் தூங்குவாள், எப்படிப் பள்ளிக்குப் போவாள் என்று யாரும் கேட்பதில்லை.

சேதுபதி போன்ற அதிரடிக் காவல்துறைப் படத்தை எடுத்த இயக்குநரே இந்தக் கேள்வியை ஒரு தூய்மைப் பணியாளரின் வாயில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. கேட்கும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. அவளுக்குச் சிறு வயதில் வேண்டியிருந்தது தன் பக்கத்தில் உட்கார ஒரு ஆள். அது கிடைக்காமல் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

படம் தவறவிடும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்லவேண்டும். முதற்பாதியில் படம் எழுப்பிய கேள்வி ‘நெருங்கியவனே செய்திருந்தால்?’ என்பது. பிற்பாதியில் அதற்குப் பதிலாக வருபவன் குடும்பத்துக்கும் நட்புக்கும் வெளியே உள்ள, பார்த்தாலே அச்சம் தரும் ஒரு கொடியவன். அவனைக் கண்டதும் நமக்கு ஒருவகை நிம்மதி வந்துவிடுகிறது. ‘நம்மவர் இல்லை’ என்ற அந்த நிம்மதியைப் படம் நமக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. அதில் 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். 2018-இல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த சிறுமிக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டோம். கைதான 17 பேரும் அந்தக் குடியிருப்போடு தொடர்புள்ள காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், குழாய் வேலை செய்பவர் போன்றவர்கள். சிறுமி தினமும் பார்த்துப் பழகிய முகங்கள். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் எனச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கை நினைவூட்டும் சூழலில் அமைந்த படம் கார்கி (2022). இயக்கியவர் கௌதம் ராமச்சந்திரன். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி ஒருவர், சிறுமி ஒருத்திக்கு நடந்த கொடுமையில் கைது செய்யப்படுகிறார். ஆசிரியையாக இருக்கும் மகள் கார்கி, அப்பா அப்படிப்பட்டவர் அல்லர் என்று நிரூபிக்கப் போராடுகிறாள். பார்வையாளரும் அவள் பக்கமே நிற்கிறோம். கடைசியில் அப்பாவும் குற்றவாளிதான் என்று அவளுக்குத் தெரிய வருகிறது. அந்த உண்மைக்கு முன்னால் அவள் குழந்தையின் பக்கம் நிற்கிறாள். சாய் பல்லவியின் முகத்தில் அந்த நிமிடம் உடைவது பாசம் மட்டும் அன்று. ‘நம்ம ஆள் செய்யமாட்டார்’ என்று நாம் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் கைப்பிடியும் அங்கேதான் உடைகிறது.

சித்தா கேள்வி கேட்பதில் துணிந்த படம், கார்கி பதில் சொல்வதில் துணிந்த படம். சித்தாவில் அந்தப் பதில் சக்தியின் கடந்த காலத்தில் மட்டும் இருக்கிறது. அவளைச் சிதைத்தவன் வீட்டு மனிதன். ஆனால் அவன் திரையில் பேச்சாக மட்டும் வந்துபோகிறான். வெளியாளைத் துரத்த ஒரு பாதிப் படம் செலவாகிறது.

இன்னொரு குறை பொன்னி. கதையைத் தொடங்கி வைப்பது அவளுடைய துன்பம். சுந்தரி காணாமல் போனதும் பொன்னி பின்னுக்குப் போய்விடுகிறாள். குழந்தைக்கு வேண்டியதைக் கேளுங்கள் என்று சக்தி மூலம் சொல்லும் படம், தன் முதற்குழந்தையை அவ்வளவு தொடர்ந்து கேட்கவில்லை.

மிகையுணர்ச்சி ஒரு குற்றமா?

இப்படத்தை மெலோடிராமா என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அழுகை அதிகம், இசை அதிகம், பதற்றத்தை இழுத்துப் பிடிக்கிறது என்பது அவர்கள் வாதம். தேடல் காட்சிகளில் அது உண்மைதான். குழந்தை படும் வேதனையை இன்னும் குறைவாகக் காட்டியிருந்தாலும் நமக்குப் புரிந்திருக்கும். சில இடங்களில் பார்வையாளரின் பயத்தையே படம் எரிபொருளாக்கிக்கொள்கிறது.

ஆனால் மிகையுணர்ச்சி நம் மரபில் ஒரு வேலை செய்து வந்திருக்கிறது. வீட்டில் பேச முடியாததைத் தெருக்கூத்தும் நாடகமும் சினிமாவும் உரக்கப் பேசிக் கொடுத்தன. தாய்மார்கள் அரங்கில் அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள் என்றால் அந்த அழுகை வீண் போகவில்லை. உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். சித்தாவின் முதற்பாதி உணர்ச்சி, சந்தேகத்தில் சிக்கிய எல்லோர் பக்கமும் பரவுகிறது. பிற்பாதியில் அது ஈஸ்வரனின் துடிப்பில் மட்டும் குவிகிறது. சக்தி பேசும்போது மறுபடி குழந்தையிடம் திரும்புகிறது.

தமிழ்த் திரையில் இந்த வரிசை

சித்தா வெற்றிடத்திலிருந்து வந்த படமன்று. சந்தான பாரதி இயக்கிய மகாநதி (1994), காணாமல் போன மகளைக் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் கண்டெடுக்கும் தந்தையின் கதையைச் சொன்னது. ராட்சசன் (2018) படத்தில் மாணவிகளைச் சீண்டும் ஆசிரியர் பாத்திரம் பள்ளிக்குள் நடக்கும் கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. புஷ்கர்–காயத்ரி எழுதிய சுழல் (2022) இணையத் தொடர், குடும்பத்துக்குள் புதைந்து கிடந்த உண்மையை எட்டு அத்தியாயங்களில் தோண்டி எடுத்தது. நிதிலன் சாமிநாதன் இயக்கிய மகாராஜா (2024), மகளுக்கு நடந்த கொடுமைக்காகக் காத்திருந்து பழிதீர்க்கும் தந்தையைக் காட்டியது.

மகாராஜாவோடு ஒப்பிட்டால் சித்தாவின் மதிப்பு கூடுகிறது. மகாராஜாவின் திரைக்கதை வெகு சாமர்த்தியமானது. காலத்தை முன்பின்னாக அடுக்கி, மகளுக்கு நடந்ததை நம்மிடமிருந்து மறைத்து, கடைசியில் ஒரு முடிச்சாக அவிழ்க்கிறது. அவள் யாருடைய இரத்தம் என்ற உண்மை குற்றவாளியின் தலையில் இடியாக விழுகிறது. அரங்கில் எழும் ‘ஐயோ’ உண்மையானது. ஆனால் அங்கே ஒரு சிறுமியின் வேதனை புதிரின் விடையாகப் பயன்படுகிறது. சித்தாவில் கொடுமை கதையின் முடிவில் காத்திருக்கும் ஆச்சரியமாக இல்லை. முன்பாதியிலேயே நடந்துவிடுகிறது. நடந்த பிறகு மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே கதை.

இன்னும் நிரப்பப்படாத ஓர் இடமும் இருக்கிறது. மேலே சொன்ன 2007 ஆய்வில், பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆண் குழந்தைகள். மேலே வரிசைப்படுத்திய தமிழ்ப் படைப்புகள் எல்லாமே பெண் குழந்தையை நடுவில் வைத்தவை. மிஸ்டிக் ரிவரின் டேவைப் போல், சிறுவயதில் சிதைக்கப்பட்டு நடுவயதில் குனிந்த தலையோடு நடக்கும் ஓர் ஆணின் கதையை நம் முன்னணிப் படங்கள் நடுவில் வைத்துச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. ‘ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது’ என்ற வார்த்தை நம் வீடுகளில் இன்னும் புழங்குகிறது.

படத்திலிருந்து பள்ளிக்கு

சித்தா பார்த்துவிட்டு ஆசிரியர்கள் யோசிக்க வேண்டியவை சில உண்டு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பணியாற்றியவர்களுக்கு அங்குள்ள வீடுகளின் நிலை தெரியும். தொழிற்பேட்டையில் அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலை ஆறு, ஏழு மணி வரை பக்கத்து வீட்டிலோ, வீட்டுக்காரர் வீட்டிலோ, டியூஷனிலோ இருக்கும். இதில் குற்றம் எதுவும் இல்லை. அப்படித்தான் குடும்பம் நடக்கும். பக்கத்து வீட்டார் பெரும்பாலும் நல்லவர்களே. ஆனால் குழந்தை பகலில் அதிக நேரம் பார்க்கும் பெரியவர், பெற்றோருக்கு அடுத்தபடியாக ஆசிரியர்தான்.

பேச்சு வராத பொன்னியைப் படத்தில் பார்க்கும்போது வகுப்பறைகள் நினைவுக்கு வருகின்றன. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று எழுதாமல் உட்காரும். கலகலப்பாக இருந்தது மௌனமாகும். மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகத் தயங்கும். மேல் வகுப்புப் பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழும். இவற்றுக்கு நூறு காரணம் இருக்கலாம். அவற்றில் ஒன்று இதுவாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கும் ஆசிரியர், ‘ஏண்டி எழுதல’ என்று அதட்டுவதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தை எல்லோருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் விடுவதே 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து எழுதவேண்டும். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. உதவிக்கு 1098 என்ற எண்ணும், தமிழகப் பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற எண்ணும் உண்டு.

சித்தாவில் வடிவேலு செய்தது இதற்கு நேர் எதிர். சந்தேகம் வந்ததும் அவன் தன் கையால் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறான். ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நண்பனை அடித்தது, உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடக் கிடைத்த கால அவகாசமும் ஆகிவிடுகிறது. ஆத்திரத்தோடு ஓடுபவனும் சரி, மானத்துக்கு அஞ்சி மூடி மறைப்பவனும் சரி, இருவரும் குழந்தையைத் தனியே விட்டுவிடுகிறார்கள். படம் இதைப் பாடமாக நடத்தவில்லை, நடப்பதாகக் காட்டுகிறது. அதனால்தான் மனத்தில் தங்குகிறது.

மதிப்பீடு

சித்தா குறைகள் உள்ள நல்ல படம். நண்பர்களுக்கு நடுவே விழுந்த விரிசலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கலாம். குற்றவாளியை அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைக்காமல் இருந்திருக்கலாம். பொன்னியை மறக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கொடுமைக்குப் பிறகு முதலில் கவனிக்க வேண்டியது குழந்தையை என்று ஒரு வெகுமக்கள் படம் இவ்வளவு தெளிவாகச் சொன்னது அரிது. அதைச் சொல்லும் பாத்திரமாக, தன் காயத்தை யாரிடமும் காட்டாமல் தெரு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வைத்தது அதைவிட அரிது.

பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்க்கவேண்டிய படம் இது. சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க ஏற்றதன்று. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளோடு, பெற்றோரோ ஆசிரியரோ உடனிருந்து, பிறகு பேசவும் நேரம் வைத்துக்கொண்டு பார்க்கலாம். பேச்சைத் தொடங்கத் தெரியாதவர்கள், ‘சக்தி ஏன் இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லல?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகள் சொல்லும் பதிலைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.